ரசீது போட ஆள் வேண்டும்: போதைப்பொருள், குற்றநீக்கம், வரி

ஏதாவது ஒரு நாடு தன் கஞ்சாச் சட்டத்தில் கைவைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் கிளம்பும்: "போதைப்பொருள் வைத்திருப்பது குற்றமில்லை என்று ஆக்கிவிட்டு, அதற்கு வரியும் போட்டுவிட்டால் என்ன?" சிறையில் கூட்டம் குறையும், கஜானாவில் வரவு கூடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தனித்தனிக் கொள்கைகள் இருக்கின்றன. ஒன்று வாங்குபவரைப் பற்றியது, மற்றது விற்பவரைப் பற்றியது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால்தான் சிலர் போர்ச்சுகலைக் காட்டி வரி வருமானம் கேட்கிறார்கள். வேறு சிலர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைக் காட்டிக் கஞ்சாக் கடைகள் தோற்றுவிட்டன என்கிறார்கள். போர்ச்சுகல் போதைப்பொருளுக்கு வரி போடவே இல்லை. ஓரிகனில் தோற்றது கடைகள் அல்ல.

## முதலில் மூன்று சொற்கள்

1. தடை. பயிரிடுவது, கடத்துவது, விற்பது, வாங்குவது, சட்டைப்பையில் வைத்திருப்பது எல்லாமே குற்றம்.

2. குற்றநீக்கம். சொந்த உபயோகத்துக்காகச் சிறிய அளவு வைத்திருப்பவர்மேல் கிரிமினல் வழக்கு கிடையாது. பொருளைப் பறிமுதல் செய்வார்கள். போக்குவரத்து விதியை மீறினால் தருவதுபோல அபராதச் சீட்டு தரலாம், சிகிச்சைக்கும் அனுப்பலாம். விற்பவர் மாட்டினால் பழையபடி சிறைதான்.

3. சட்டபூர்வமாக்கல். சாகுபடி முதல் சில்லறை விற்பனைவரை உரிமம் பெற்றவர்கள் நடத்துவார்கள். வயது வரம்பு, வீரிய வரம்பு, பாக்கெட்டின்மேல் எச்சரிக்கை எல்லாம் இருக்கும்.

வரி மூன்றாவதில்தான் வரும். வரி வசூலிக்க பில் போடும் கடை வேண்டும், அந்தக் கடைக்குக் கணக்குப் புத்தகம் வேண்டும், அதிகாரி போய்ப் பார்க்க ஒரு முகவரி வேண்டும். இரண்டாவது நிலையில் விற்பவர் இன்னும் இருட்டில்தான் நிற்கிறார். அவரிடம் யார் போய் ரசீது கேட்பது?

நெதர்லாந்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. கஞ்சா விற்பது அங்கே ஏட்டில் குற்றம். ஆனால் 'காஃபி ஷாப்' என்ற பெயரில் நடக்கும் கடைகள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம்வரை விற்றால் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். இப்படிக் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட ஒரு விற்பனைக்கு வரித்துறை விற்பனை வரி கேட்டது. சட்டவிரோதமாக விற்கும் போதைப்பொருளுக்கு அந்த வரியை விதிக்க முடியாது என்று 1988இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைவிட வேடிக்கை, கடையின் முன்வாசலில் வாங்குபவருக்குப் பயமில்லை, பின்வாசலில் வந்து இறங்கும் சரக்கோ முழுக்கக் கள்ளச்சரக்கு. 'பின்வாசல் சிக்கல்' என்றே அங்கு அதற்குப் பெயர். அதைத் தீர்க்க 10 நகராட்சிகளில், உரிமம் பெற்ற சாகுபடியாளர்களிடம் மட்டும் கடைகள் கொள்முதல் செய்யும் சோதனைத் திட்டம் 2025 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பாதிக் கதவை மட்டும் திறந்த ஒரு நாடு மீதிக் கதவுக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன.

## லிஸ்பனில் ஒருவர் பிடிபட்டால்

குற்றநீக்கம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குப் போர்ச்சுகல்தான் நல்ல உதாரணம். 2000ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் 2001 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது. கஞ்சா மட்டுமல்ல, ஹெராயின், கோகைன் உட்பட எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

ஒருவர் பையில் 1 கிராம் ஹெராயின் இருக்கிறது, போலீஸ் பார்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒருவர் 10 நாளைக்குப் பயன்படுத்தும் அளவுதான் கோடு. ஹெராயினுக்கு 1 கிராம், கோகைனுக்கு 2 கிராம், கஞ்சாவுக்கு 25 கிராம் என்று அட்டவணை போட்டார்கள். நம் ஆள் கோட்டுக்குள் இருக்கிறார். பொட்டலம் பறிமுதல் ஆகும். கைவிலங்கு இல்லை. குறிப்பிட்ட நாளில் ஒரு குழுவின் முன் வரச்சொல்லி சீட்டு தருவார்கள்.

அந்தக் குழு நீதிமன்றம் அல்ல. சாதாரண அலுவலக அறை, ஒரு மேசை, எதிரே மூன்று பேர். ஒருவர் சட்டம் தெரிந்தவர். மற்றவர்கள் மருத்துவம், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளிலிருந்து வருபவர்கள். அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான்: இவர் எப்போதாவது எடுப்பவரா, இல்லை இதற்கு அடிமையாகிவிட்டவரா? எப்போதாவது எடுப்பவர் முதல்முறை வந்திருந்தால் நடவடிக்கையை நிறுத்திவைத்து அனுப்பிவிடுவார்கள். அடிமையானவரைச் சிகிச்சைக்குப் போகச்சொல்லி வழிகாட்டுவார்கள். அடிமையானவருக்குப் பண அபராதம் போடக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு விதியில் அந்தச் சட்டத்தின் மனசு தெரிகிறது. அபராதம் கட்ட அவர் பணத்துக்கு எங்கே போவார் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

பலன் என்ன? ஊசி வழியாகப் போதைமருந்து எடுப்பவர்களில் புதிதாக எச்ஐவி தொற்றியவர்கள் சட்டம் வந்த சமயத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். இருபது ஆண்டுகளில் அது சில பத்துப் பேராகச் சுருங்கியது. ஆனால் பெருமை முழுவதையும் சட்டத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது. மருந்துக்கடைகளில் சுத்தமான ஊசி தரும் திட்டம் அங்கே 1993லேயே தொடங்கிவிட்டது. ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் தரும் சிகிச்சையை நாடு முழுக்க விரிவாக்கினார்கள். ஒளிந்துகொண்டிருந்தவர்களை வெளியே வரவைத்தது சட்டம். வந்தவர்களைக் கவனித்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது. இரண்டாவது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அடுத்த கதை.

## ஓரிகன் சறுக்கிய இடம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020 நவம்பரில் 110ஆவது தீர்மானம் சுமார் 58 சதவீத வாக்குகளுடன் நிறைவேறியது. 2021 பிப்ரவரி 1 முதல், சிறிய அளவில் எந்தப் போதைப்பொருள் வைத்திருந்தாலும் 100 டாலர் அபராதச் சீட்டு மட்டுமே. ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து உடல்நலப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால் அபராதமும் ரத்து.

பெரும்பாலானவர்கள் அழைக்கவும் இல்லை, அபராதம் கட்டவும் இல்லை. கட்டாவிட்டால் என்ன என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லாததால் சீட்டு கசங்கிக் குப்பைக்குப் போனது. போர்ச்சுகலில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் இங்கே ஒரு தொலைபேசி எண் இருந்தது.

சிகிச்சைக்கான பணம், ஏற்கெனவே சட்டபூர்வமாக இருந்த கஞ்சாவின் வரியிலிருந்து வரவேண்டியிருந்தது. பணம் இருந்தது, பட்டுவாடாதான் தாமதம். சட்டம் 2021 தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பணத்தின் பெரும்பகுதி சிகிச்சை மையங்களைப் போய்ச் சேர 2022 ஆனது. அதே சமயத்தில் 'ஃபென்டனில்' என்ற செயற்கைப் போதைமருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் பரவியது. அளவுக்கு மீறிப் போதைமருந்து எடுத்து நேரும் மரணங்கள் ஏறின. ஒரு ஆய்வு இதற்குச் சட்டத்தைக் குற்றம்சாட்டியது. ஃபென்டனில் பரவிய வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட இன்னொரு ஆய்வு, சட்டத்துக்கும் மரண உயர்வுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. தெருவில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆய்வுகளுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல் அங்கே போதைப்பொருள் வைத்திருப்பது மறுபடியும் குற்றம். கஞ்சாக் கடைகள் மட்டும் அப்படியே தொடர்கின்றன.

குற்றநீக்கத்தை ஆதரிப்பவர்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. குற்றநீக்கம் சரக்கின் தரத்தைத் தொடுவதே இல்லை. வாங்குபவரைப் போலீஸ் விட்டுவிடலாம். அவர் வாங்கிய மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்றவருக்கும் தெரியாது. ஃபென்டனில் ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியமானது. சில மில்லிகிராம் கூடினால் மூச்சு நின்றுவிடும்.

அவ்வளவு வீரியமான சரக்கு ஏன் வந்தது என்பதற்கும் தடைக்கும் சம்பந்தம் உண்டு. ஒளித்துக் கடத்துபவருக்கு இடம்தான் பிரச்சினை, அதனால் கொஞ்சத்தில் நிறைய வீரியம் உள்ளதையே எடுத்துக்கொள்வார். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது பீரைக் கைவிட்டு, கடுமையான சாராய வகைகளைக் கடத்தினார்கள். ஒரு லாரி பீருக்குப் பதில் ஒரு பெட்டி விஸ்கி. அதே கணக்குதான் அபினிலிருந்து ஹெராயினுக்கும், ஹெராயினிலிருந்து ஃபென்டனிலுக்கும் கொண்டுவந்திருக்கிறது.

## சரி, வரி போடுவதென்றால் எதன்மேல்?

கஞ்சாவுக்கு வரி என்பது புதிய யோசனை அல்ல. பிரிட்டிஷ் இந்தியாவில் 1893–94இல் அமைத்த விசாரணைக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டுவிட்டு, தடை வேண்டாம், உரிமமும் வரியும் வைத்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்கா 1937இல் வரியை நேர்மாறான வேலைக்கு வைத்துக்கொண்டது. பதிவு செய்யாதவருக்குக் கைமாற்றினால் ஒரு அவுன்ஸுக்கு 100 டாலர் வரி. யாரும் கட்டமாட்டார்கள், கட்டக்கூடாது என்பதுதான் நோக்கம். பெயர் வரி, வேலை தடை. 1969இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. ஆகவே 'வரி' என்ற சொல்லை மட்டும் வைத்து ஒரு சட்டம் எந்தப் பக்கம் என்று முடிவுகட்ட முடியாது. விகிதத்தைப் பார்க்கவேண்டும், அது எதன்மேல் விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

1. எடையின்மேல். ஒரு கிராமுக்கு இவ்வளவு. வசூலிப்பது எளிது. ஆனால் வீரியம் கூடிய சரக்குக்கும் குறைந்த சரக்குக்கும் ஒரே வரி என்பதால், அதே வரிக்கு அதிகப் போதை தரும் சரக்கைத் தயாரிக்கத் தோன்றும்.

2. விலையின்மேல். விற்கும் விலையில் இத்தனை சதவீதம். விலை சரிந்தால் வருமானமும் சரியும். சட்டபூர்வச் சந்தை முதிர முதிரச் சாகுபடிச் செலவு இறங்கும், விலை சரிந்துதான் தீரும்.

3. வீரியத்தின்மேல். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற வரி. மதுவில் ஆல்கஹால் அளவுக்கு வரி போடுவதுபோல. கொள்கைப்படி இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் செடியின் ஒவ்வொரு பூவிலும் டி.எச்.சி. ஒரே அளவில் இருக்காது, சோதனைக்கூடங்களின் முடிவுகளும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் தோராயமாகக் கோடு கிழித்திருக்கிறது: டி.எச்.சி. 35 சதவீதம்வரை இருந்தால் 10 சதவீத வரி, அதற்குமேல் 25 சதவீதம்.

தவறான கணக்கு எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்குக் கனடாவைப் பார்க்கலாம். 2018 அக்டோபர் 17இல் நாடு முழுக்கக் கஞ்சா சட்டபூர்வமானது. கலால் வரி கிராமுக்கு 1 டாலர், அல்லது தயாரிப்பாளர் விலையில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. கிராம் 10 டாலருக்கு விற்கும் என்று நினைத்தால் இரண்டும் ஒன்றுதான், நியாயமாகவே தெரியும். பிறகு உற்பத்தி பெருகி விலை விழுந்தது. 4 டாலருக்கு விற்கும் கிராமிலும் அந்த 1 டாலர் அப்படியே நிற்கிறது. 10 சதவீதமாக நினைத்தது 25 சதவீதமாகிவிட்டது. பல சாகுபடி நிறுவனங்கள் வரி பாக்கியில் மூழ்கின.

## கள்ளச்சந்தை ஒரு போட்டிக் கடை

புகையிலை வரி சில்லறை விலையில் குறைந்தது 75 சதவீதமாவது இருக்கவேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதே விகிதத்தைக் கஞ்சாவுக்கும் போட்டால் என்ன? முதல் நாளிலிருந்தே எதிர்க்கடை ஒன்று இருக்கிறது, அதுதான் தடங்கல். அந்தக் கடைக்கு வரி இல்லை, சோதனைக்கூடக் கட்டணம் இல்லை, வயது வரம்பு இல்லை, வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே உண்டு. வரி ஏறினால் வாங்குபவர் பழைய ஆளுக்கே போன் போட்டுவிடுவார்.

கலிஃபோர்னியா இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டது. 2018 ஜனவரியில் கடைகள் திறந்தபோது சாகுபடிக்கு எடையளவில் ஒரு வரி, விற்பனையில் 15 சதவீதக் கலால் வரி, அதற்குமேல் வழக்கமான விற்பனை வரி, உள்ளூர் வரி. கடை வைக்கவே அனுமதிக்காத ஊர்களும் ஏராளம். கள்ளச்சாகுபடி அசையவே இல்லை. 2022 ஜூலையில் சாகுபடி வரியை ரத்து செய்தார்கள்.

உருகுவே எதிர்த்திசையில் போனது. 2013இல் சட்டம் போட்டு, 2017 ஜூலையில் மருந்துக்கடைகளில் விற்பனையைத் தொடங்கியது. பதிவு செய்துகொண்டவர் விரல்ரேகை வைத்து மாதம் 40 கிராம்வரை வாங்கலாம். விலையை அரசே நிர்ணயிக்கும், கள்ளச்சந்தையோடு போட்டி போடும் அளவுக்குக் குறைவாக. கஜானாவை நிரப்புவதல்ல, கடத்தல்காரரின் வாடிக்கையாளர்களைப் பறிப்பதுதான் குறி. ஆனால் எதிர்பாராத இடத்திலிருந்து இடி வந்தது. கஞ்சா வியாபாரப் பணத்தைத் தொட்டால் அமெரிக்க நிதிச் சட்டங்களில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்த வங்கிகள், அந்த மருந்துக்கடைகளின் கணக்குகளை மூடப்போவதாக எச்சரித்தன. தன் நாட்டுச் சட்டப்படி விற்கும் கடைக்காரர் ரொக்கமாக மட்டும் வாங்கிக் கல்லாவில் போடவேண்டிய நிலைமை.

தாய்லாந்தின் கதை சுருக்கமானது. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், ஒழுங்குபடுத்தும் முழுச் சட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மறுபடியும் இறுக்கினார்கள்.

## வரியைக் கட்டுவது யார்?

எந்தப் போதைச் சந்தையிலும் விற்பனையின் பெரும்பங்கு, எப்போதாவது எடுப்பவர்களிடமிருந்து வருவதில்லை. தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் எடுக்கும் சிறுபான்மையிடமிருந்து வருகிறது. அதனால் "கஞ்சா வரியில் பள்ளிக்கூடம்" என்று தலைப்பு வரும்போது, அந்தப் பணத்தின் பெரும்பகுதி யாருடைய பையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி 1இல் கடைகள் திறந்தபோது கலால் வரியில் முதல் 4 கோடி டாலரைப் பள்ளிக் கட்டடங்களுக்கு ஒதுக்கினார்கள். விற்பனை 2021இல் உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் குறைகிறது என்றால் ஒரு மாநிலம் என்ன நினைக்கும்? மக்கள் குறைவாகப் புகைக்கிறார்கள் என்று சந்தோஷப்படுமா, பட்ஜெட்டில் ஓட்டை என்று கவலைப்படுமா? மது விற்கும் அரசுகளுக்கு இந்தத் தர்மசங்கடம் பழகிப்போன ஒன்று.

மதுவாலும் மற்றப் போதைப்பொருள்களாலும் 2019இல் இறந்தவர்களை உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது: மதுவால் சுமார் 26 லட்சம் பேர், மற்றவற்றால் சுமார் 6 லட்சம் பேர். இந்த எண்களை இரு தரப்பும் தூக்கிக்கொண்டு வரும். "மதுவே அதிகம் கொல்கிறது, அதை விற்கிறோமே" என்று ஒருவர். "விற்பதால்தான் இத்தனை பேர் குடிக்கிறார்கள், இத்தனை பேர் சாகிறார்கள்" என்று இன்னொருவர். இரண்டாவது வாதத்துக்கு எடை அதிகம் என்பேன். பொருள் எவ்வளவு கெடுதல் என்பதோடு எத்தனை பேர் கைக்கு எட்டுகிறது என்பதையும் பெருக்கிப் பார்க்கவேண்டும். ஆனால் சிறைக்கணக்கும் கலப்பட மரணக்கணக்கும் அந்தப் பெருக்கலில் வராது, அதையும் மறக்கக்கூடாது.

இதனால்தான் எல்லாப் போதைப்பொருளுக்கும் ஒரே பதில் கிடையாது. கஞ்சாவுக்குக் கடை, உரிமம், வரி என்பதை நடத்திக்காட்டியிருக்கிறார்கள், குறைகளோடு. ஹெராயினுக்கு அப்படி ஒரு கடையை எந்த நாடும் இப்போது நடத்தவில்லை, நடத்தவும் கூடாது என்பது என் கருத்து. உடல் நடுக்கத்தோடு நிற்பவரிடம் விலையை ஏற்றினால் அவர் குறைத்துக்கொள்ள மாட்டார், வேறெங்காவது பணம் தேடுவார். அங்கே வரி என்ற கருவியே வேலை செய்யாது. சுவிட்சர்லாந்து 1994 முதல் மூன்றாவது வழி ஒன்றைப் பின்பற்றுகிறது: வேறு சிகிச்சை எதுவும் பலிக்காதவர்களுக்கு மருத்துவ மையத்தில், செவிலியர் பார்வையில், சுத்தமான ஹெராயினை மருந்தாகத் தருவது. விற்பனையும் இல்லை, வரியும் இல்லை. 2008இல் அதை நிரந்தரமாக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள், சுமார் 68 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

## சர்வதேச ஒப்பந்தங்கள்

1961, 1971, 1988 ஆகிய ஆண்டுகளின் மூன்று ஐ.நா. ஒப்பந்தங்கள் இந்தப் பொருள்களை மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும் என்று வரையறுக்கின்றன. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரைத் தண்டிப்பதில் அவரவர் அரசியல் சட்டத்துக்கு ஏற்ப நெளிவுசுளிவுக்கு இடம் உண்டு. போர்ச்சுகல் அந்த இடத்துக்குள்தான் நிற்கிறது. கடை திறப்பதற்கு அப்படி இடம் இல்லை. உருகுவேயும் கனடாவும் அதை மீறித்தான் கடை திறந்தன. பொலிவியா, கோகைன் எடுக்கப்படும் கோகா இலைக்காக ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி, அந்த இலைக்கு மட்டும் விலக்கு போட்டு 2013இல் திரும்பச் சேர்ந்தது.

ஜெர்மனி கடைகளைத் திறக்கத்தான் முதலில் திட்டமிட்டது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் குறுக்கே நின்றது. கடைசியில் 2024 ஏப்ரல் 1இல் வந்தது பாதித் திட்டம்: வெளியில் 25 கிராம், வீட்டில் 50 கிராம் வைத்திருக்கலாம், மூன்று செடி வளர்க்கலாம். ஜூலை முதல், 500 பேருக்கு மிகாத சங்கங்கள் பயிரிட்டு உறுப்பினர்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். போகிறவர் வருகிறவர் யாரும் நுழைந்து வாங்கும் கடை இல்லை. முதல் திட்டத்தில் பேசப்பட்ட கஞ்சா வரியும் அதோடு கைவிடப்பட்டது.